கூப்பிட்ட நேரத்தில் வக்கீலம்மா எங்கே போயிருந்தார்

உங்களில் ஒருத்தி போன வாரம் என் வீட்டுக்கு வந்திருந்தாள். கோர்ட்டில் பெயர் கூப்பிடும் வேலையில் போட்டிருக்கிறார்களாம். வாசலில் நின்று வாயைத் திறந்தால் தொண்டை அடைத்துக்கொள்கிறதாம். வக்கீல்கள் சிரிக்கிறார்கள் என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் காபி போட்டுக் கொடுத்தேன். ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்ல வாய் வரவில்லை. எதிரே ஆள் இருந்தால் எனக்கு எப்போதும் இப்படித்தான். அவள் தெருமுனை திரும்பிய பிறகு சொல்ல வேண்டியதெல்லாம் வரிசை கட்டிக்கொண்டு வந்தது. அதனால் எழுதுகிறேன். அவளோடு சேர்ந்து புதிதாக வந்திருக்கும் மற்றவர்களும் படித்துக்கொள்ளுங்கள்.

நான் கோர்ட்டுக்குள் வந்தது பெருக்கும் வேலைக்கு. என் வீட்டுக்காரர் அங்கே காவலராக இருந்தார். அவர் போன பிறகு, ஐந்தாவது படித்தவளுக்கு எதைக் கொடுக்க முடியுமோ அதைக் கொடுத்தார்கள். விளக்குமாறுதான். எனக்கு அதில் குறை ஒன்றும் இல்லை. யாரோடும் பேச வேண்டியதில்லை. நீதிபதி ஐயா வருவதற்குள் பெருக்கித் துடைத்துவிட்டு ஓரமாக ஒதுங்கிக்கொள்ளலாம். நாங்கள் இருப்பது பிள்ளையார்பாளையம். தறிச் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசி எங்கள் தெருவில் எல்லோருக்கும் குரல் பெரிசு. எனக்கு மட்டும் பேச்சு பல்லைத் தாண்டி வராது. "இவ பேசறது இவளுக்கே கேக்குதாடா?" என்று மாமியார் தன் பிள்ளையைக் கேட்பார்.

அப்படிப்பட்டவளைத்தான் பெயர் கூப்பிடப் போட்டார்கள். கூப்பிட்டுக்கொண்டிருந்தவர் ஓய்வுபெறும் நேரம், மாற்று ஆள் வரவில்லை. வரும்வரை நீ பார்த்துக்கொள் என்றார்கள். நான் ஓய்வுபெறும் நாள்வரை அந்த மாற்று ஆள் வந்து சேரவில்லை.

நீதிபதிக்குக் கீழே உட்கார்ந்து வழக்குக் கட்டுகளை எடுத்துக் கொடுக்கும் பெஞ்ச் கிளார்க்குக்கு என்னைப் போட்டது பிடிக்கவில்லை. "ஏம்மா, நீ கூப்பிட்டா கோர்ட்டு கூப்பிடற மாதிரியா இருக்கும்? புள்ளைக்கு சோறூட்டக் கூப்பிடற மாதிரி இருக்கும்" என்றார். பக்கத்தில் நின்ற வக்கீல்கள் சிரித்தார்கள்.

ஓய்வுபெறப் போகிறவர் சிரிக்கவில்லை. அவருக்கு மட்டும் என்மேல் நம்பிக்கை இருந்ததா என்றால் அதுவும் இல்லை. பொம்பளைக்கு இது சரிப்படாது என்று அவர் மேலே போய்ச் சொன்னது எனக்குத் தெரியும். ஆனால் இவள்தான் என்று முடிவான பிறகு ஒழுங்காகச் சொல்லிக்கொடுத்தார்.

"பேரக் கூப்பிடறது நீ இல்லம்மா. கோர்ட்டு கூப்பிடுது. உன் தொண்டைய வாடகைக்கு எடுத்துக்கினு இருக்குது, அவ்ளோதான். இதுல உனக்கென்னா வெக்கம்?"

வாடகை எப்போது வரும் என்று கேட்கலாமா என்று தோன்றியது. கேட்கவில்லை.

"மூணு வாட்டி கூப்பிடணும். உள்ள ஒரு வாட்டி, வராண்டாவுல ஒரு வாட்டி, கேட்டாண்ட ஒரு வாட்டி. அவசரமே படாத. நீ திரும்பி வந்து 'இல்லீங்கய்யா'ன்னு சொல்ற பாரு, அந்த ஒரு வார்த்தையில ஒருத்தன் வீடு போயிடும்."

சில மாதத்தில் எனக்கே தெரியாமல் ஒரு குரல் வந்துவிட்டது. நான் 'இன்னார் ஆஜரா' என்று கேட்டால் எதிர்ச் சாரியில் டீ குடிப்பவர் கிளாஸைக் கீழே வைப்பார். வேலை முடிந்து காய்கறிக் கடைக்குப் போனால் மறுபடியும் பழைய குரல்தான். கத்தரிக்காய் என்ன விலை என்று இரண்டு தடவை கேட்க வேண்டியிருக்கும். அந்தப் பெரிய குரலில் நான் சொந்தமாக எதையும் பேசியதில்லை. அடுத்தவர் பெயர்களைத்தான் கூப்பிட்டேன்.

இனி சுகந்தி வக்கீலைப் பற்றிச் சொல்கிறேன். உங்களுக்கு நான் சொல்ல நினைத்ததும் அதுதான்.

இப்போது நீங்கள் நிற்கும் கோர்ட்டில் நீதிபதியும் பெண்ணாக இருக்கலாம், இரண்டு பக்கத்து வக்கீலும் பெண்ணாக இருக்கலாம். அப்போது எங்கள் கோர்ட்டில் பெண் வக்கீல்கள் ஒரு பெஞ்சில் அடங்கிவிடுவார்கள். எல்லோரும் யாராவது ஒரு பெரிய வக்கீலிடம் ஜூனியர். நான் அவர்கள் வாயிலிருந்து அதிகம் கேட்டது ஒரே பேச்சு: "சீனியர் வேறு கோர்ட்டில் இருக்கிறார் ஐயா, வாய்தா வேண்டும்." சுகந்தி வாலாஜாபாத்திலிருந்து பஸ்ஸில் வருவார். வருஷக்கணக்கில் அவரும் வாய்தாதான் வாங்கிக்கொண்டிருந்தார். சாட்சியை விசாரிக்கும் நாள் வந்தால் சீனியர் அவரிடமிருந்து கட்டை வாங்கி, அவருக்குப் பின்னால் சேர்ந்த ஆண் ஜூனியரிடம் கொடுத்துவிடுவார். "நீ குறிப்பு எடும்மா, உன் கையெழுத்து நல்லாயிருக்கும்" என்பார். ஒரு நாள் சுகந்தி, போதும் என்று வெளியே வந்து, தன் பெயரில் தனியாகப் பலகை மாட்டிக்கொண்டார்.

அப்படி வந்தவருக்குக் கிடைத்த முதல் வழக்கு தேவகியுடையது.

தேவகி எங்கள் பக்கத்துத் தெருப் பெண். புருஷன் இறந்துவிட்டார், இரண்டு பிள்ளைகள். புருஷனின் அண்ணன், அதாவது அவளுடைய மூத்தார், வழக்குப் போட்டிருந்தார். வீடும் அதிலிருக்கும் தறியும் என்னுடையவை, இவள் சமைத்துப் போட்டதைத் தவிர இந்த வீட்டுக்கு ஒன்றும் செய்யவில்லை, தறியில் உட்கார்ந்ததே இல்லை, காலி செய்யச் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தார். தானும் புருஷனும் சேர்ந்து நெய்த காசில் வந்த வீடு அது என்பது தேவகியின் பதில். தேவகியின் பழைய வக்கீல் வாய்தா மேல் வாய்தாவாக இழுத்துவிட்டுக் கைவிட்டுவிட்டார். அதன் பிறகுதான் அவள் சுகந்தியிடம் வந்தாள். அதற்குள் நீதிபதி ஐயாவுக்குப் பொறுமை போய்விட்டது. அடுத்த முறை மூத்தாரைக் குறுக்கு விசாரணை செய்யாவிட்டால் அதோடு மூடிவிடுவேன் என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். மூடினால் மூத்தார் சொன்னதுதான் நிற்கும். மறுபடி திறக்க மனுப் போடலாம்தான். ஆனால் அதுவரை தேவகி வீட்டார் இந்த வக்கீலிடமே பொறுத்திருக்க வேண்டுமே.

அன்று காலை வராண்டாவில் தேவகியின் தம்பி பேசியது என் காதில் விழுந்தது. சுகந்தி இரண்டு அடி தள்ளித்தான் நின்றிருந்தார்.

"இன்னிக்கு ஒரு நாள் பாப்பேன்கா. இந்தப் பொண்ணு பேந்தப் பேந்த முழிச்சிதுன்னா கட்ட வாங்கிக்கினு வேற வக்கீலாண்ட போயிடலாம். எல்லாரும் என்னத்தான் கேக்கறாங்க, வேற ஆம்பள வக்கீலே கெடைக்கலயான்னு. வீடு போச்சுன்னா ரெண்டு புள்ளைங்கள வச்சிக்கினு எங்க போவ?"

"மெதுவா பேசுடா. அந்தம்மா காதுல வுழப்போவுது."

விழுந்துவிட்டது. சுகந்தி காகிதத்தைத் திருப்புவதுபோல் திருப்பிக்கொண்டிருந்தார். ஒரே பக்கத்தைத்தான் திருப்பினார். முதல் வழக்குக் கட்டு கையை விட்டுப் போனால் அந்தப் பேச்சு இந்த ஊரில் எவ்வளவு சீக்கிரம் பரவும் என்று அவருக்குத் தெரியும். எனக்கும் தெரியும்.

அவர் வழக்குக்கு முன்னால் ஒரு பெரிய வழக்கு ஓடிக்கொண்டிருந்தது. சுகந்தி என்னிடம் வந்து குனிந்து, "அம்மா, நம்ம கேஸ் இப்ப வராதில்ல? நான் போயிட்டு ஓடி வந்துடறேன்" என்றார்.

"வராதும்மா. போயிட்டு வாங்க" என்றேன்.

எங்கே போகிறார் என்பதை உங்களுக்குச் சொல்லியாக வேண்டும். எங்கள் கோர்ட்டு அப்போது ஒரு பழைய வாடகைக் கட்டடத்தில் இருந்தது. இப்போது அந்தக் கட்டடம் இல்லை, இடித்துவிட்டார்கள். பின்பக்கத்தில் பெண்களுக்கென்று ஒரு கழிவறை இருந்தது. ஆனால் பூட்டியே இருக்கும். திருட்டு வழக்கில் பிடித்த பொருள்களை வைக்கும் அறை நிரம்பிவிட்டது என்று, மிச்சத்தைக் கொண்டுவந்து அதில் அடைத்து வைத்திருந்தார்கள். சாவி, அந்தப் பொருள்களுக்குப் பொறுப்பான கோர்ட்டு அதிகாரியிடம் இருக்கும்; அந்த வேலையில் இருப்பவரை நாசர் என்போம். பெண் வக்கீல்கள் காலையில் ஒரு வாய் காபியோடு நிறுத்திக்கொள்வார்கள். முடியாமல் போனால் அடுத்த தெருவில் ஒரு நெசவுக்காரர் வீடு. அந்த வீட்டம்மா நல்ல மனுஷி, கதவைத் திறந்து விடுவார். யாரும் இதைக் குறையாக எழுதிக் கொடுத்ததில்லை. எப்படி எழுதுவது, யாரிடம் கொடுப்பது? சீனியர்கள் ஆண்கள், நாசர் ஆண், ஐயா ஆண். ஐயாவுக்கு அவர் அறையிலேயே தனியாக இருந்தது.

சுகந்தி போனார். போன கொஞ்ச நேரத்தில், ஓடிக்கொண்டிருந்த பெரிய வழக்கில் இரண்டு தரப்பும் சமாதானமாகப் போகிறோம் என்று சொல்லிவிட்டார்கள். எல்லோரும் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வெளியே போனார்கள். பெஞ்ச் கிளார்க் அடுத்த கட்டை எடுத்து ஐயாவிடம் நீட்டினார். அது தேவகியின் கட்டு.

வராது என்று சொல்லி அனுப்பியவள் நான்தானே.

உள்ளே ஒரு முறை கூப்பிட்டேன். தேவகி எழுந்து நின்றாள். பின்னால் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். மூத்தார் கூண்டின் பக்கத்தில் போய் நின்றுகொண்டார். வக்கீலைக் காணோம் என்பதால் வராண்டாவில் ஒரு முறை கூப்பிட்டேன். எந்தப் பெயரையும் அவ்வளவு நிதானமாக நான் கூப்பிட்டதில்லை. பிறகு கேட்டுக்குப் போனேன்.

தெரு அடைத்திருந்தது. சாமி புறப்பாடு. குடையும் தீவட்டியும் மேளமுமாகப் பல்லக்கு நடுத்தெருவில் நின்றுகொண்டிருந்தது. ஜனங்கள் தேங்காய்த் தட்டோடு முண்டிக்கொண்டு நின்றார்கள். அந்தப் பக்கத்துக் கூட்டத்தில் ஒரு கறுப்பு அங்கி தெரிந்தது. சுகந்தி எம்பி எம்பிப் பார்த்தார். என்னைப் பார்த்ததும் கையைத் தூக்கினார். சாமிக்கு முன்னால் புகுந்து வர வழி இல்லை, பல்லக்கு நகர்ந்தால்தான் உண்டு. மூன்றாம் முறையை மூச்சு உள்ளவரை இழுத்துக் கூப்பிட்டுவிட்டு உள்ளே திரும்பினேன்.

"எதிர்வாதி வக்கீல் வந்தாரா?" என்றார் ஐயா.

இல்லை என்று சொல்ல நாக்கு எழவில்லை. இருக்கிறாரே, கண்ணால் பார்த்துவிட்டு வந்தேனே. எங்கே போனார் என்று சொல்லவும் கூச்சமாக இருந்தது. அவ்வளவு ஆண்களுக்கு நடுவில், ஒரு படித்த பெண்ணைப் பற்றி அந்த வார்த்தையை எப்படிச் சொல்வது? யோசித்து, மரியாதையாக ஒன்றைச் சொன்னேன்.

"சாமி ஊர்வலத்துல மாட்டிக்கினாங்க ஐயா."

பொய் இல்லை. ஆனால் அதைவிடக் கெடுதலான ஒன்றை நான் சொல்லியிருக்க முடியாது. மூத்தாரின் வக்கீல் உடனே எழுந்தார்.

"ஓகோ! கோர்ட்டு நேரத்துல சாமி தரிசனமா? நல்லது ஐயா. எங்களுக்கும் சேர்த்து வேண்டிக்கினு நிதானமா வரட்டும்."

ஹால் முழுக்கச் சிரிப்பு. ஐயா சிரிக்கவில்லை. அவர் முகம் இறுகிவிட்டது. "கடைசி வாய்ப்பு என்று சொல்லியிருந்தேன். வழக்கை வைத்துக்கொண்டு கோயிலுக்குப் போகிறாரா?" என்று பேனாவை எடுத்தார். குறுக்கு விசாரணை இல்லை என்று ஒரு வரி எழுத எவ்வளவு நேரமாகும்?

தேவகி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் தம்பி, "நான் சொன்னேனா இல்லயா?" என்று அவள் காதில் முணுமுணுத்தான்.

நான் செய்த காரியம் அப்போதுதான் எனக்கு உறைத்தது. என் கூச்சத்துக்காக நல்ல வார்த்தையாகப் பார்த்துச் சொன்னேன். அது கூட்டத்துக்கு அந்தப் பக்கம் நிற்கும் ஒருத்தியின் கழுத்தில் போய் இறங்கிவிட்டது.

"ஐயா..." என்றேன். யார் காதிலும் விழவில்லை.

"ஐயா, அது..."

பெஞ்ச் கிளார்க் என்னைப் பார்த்துக் கையை வீசினார். "வாசலுக்குப் போம்மா." கூப்பிடுகிறவர்கள் பெயரைத் தவிர வேறு எதையும் பேசும் வழக்கம் கோர்ட்டில் கிடையாது. நான் போகவில்லை. ஐயா நிமிர்ந்தார்.

"என்ன?"

சொன்னேன். உதடுதான் அசைந்திருக்கும்.

"காதில் விழவில்லை. சொல்வதைச் சத்தமாகச் சொல்லுங்கள்."

சத்தமாகச் சொல்ல என்னிடம் இருந்தது ஒரே குரல். கண்ணை மூடிக்கொண்டேன்.

"வக்கீலம்மா ஒண்ணுக்குப் போயிருக்காங்க ஐயா!"

உள்ளே கேட்டது, வராண்டாவில் கேட்டது, கேட்டிலும் கேட்டது. அந்த நேரம் பார்த்து வெளியே நாதஸ்வரக்காரர் மூச்சு வாங்க நிறுத்தியிருந்தார். தெருவுக்கும் கேட்டது.

கண்ணைத் திறந்தேன். முதலில் ஒருவர் ஆரம்பித்தார், அப்புறம் எல்லோரும் மேசையைத் தட்டிச் சிரித்தார்கள். மூத்தாரின் வக்கீல், "இது ரெக்கார்டுல ஏறணுமா ஐயா?" என்று கேட்டார். பூமி பிளந்தால் போய்விடலாம் என்று இருந்தது எனக்கு.

ஐயா கையை உயர்த்தினார். சிரிப்பு அடங்கியது.

"அதற்கு ஏன் தெருவுக்குப் போக வேண்டும்? இங்கே இல்லையா?"

"இருக்குதுங்க ஐயா. பூட்டியிருக்குது."

"ஏன்?"

"உள்ள சைக்கிள் இருக்குதுங்க."

"சைக்கிளா?"

"கேஸ் சைக்கிளுங்க. பட்டு நூல் மூட்டையும் இருக்குது. ஒரு தண்ணி மோட்டாரும் இருக்குது."

ஐயா நாசரைப் பார்த்தார். நாசர் கூரையைப் பார்த்தார். ஐயா பேனாவை மூடிக் கீழே வைத்தார்.

"அடுத்த வழக்கைக் கூப்பிடுங்கள். இது பிறகு."

"ஐயா, கடைசி வாய்ப்பு என்று நீங்களே..." என்று மூத்தாரின் வக்கீல் இழுத்தார்.

"வராதவருக்குச் சொன்னது அது. இவர் காலையிலிருந்து இங்கே உட்கார்ந்திருந்ததை நான்தானே பார்த்துக்கொண்டிருந்தேன். உட்காருங்கள்."

என் கால் அப்போதுதான் தரையில் பட்டதுபோல் இருந்தது.

அடுத்த வழக்கு பாதியில் இருக்கும்போது சுகந்தி வந்துவிட்டார். புடவை நுனியெல்லாம் தேங்காய்த் தண்ணீர். அவர் நடந்து போன வழியெங்கும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அவருக்குக் கேட்டிருக்கிறது. தெருவுக்கே கேட்டது, அவருக்குக் கேட்காதா? முகம் குங்குமமாகச் சிவந்திருந்தது. என்னைப் பார்க்கவில்லை. இவர் இன்றோடு கறுப்பு அங்கியைக் கழற்றி வைத்துவிடுவார், என்னால்தான் என்று நினைத்துக்கொண்டு நின்றேன்.

வழக்கை மறுபடி எடுத்தார்கள். எழுந்து நின்றார். இருமிக்கொண்டார்.

"எதிர்வாதிக்காக சுகந்தி ஆஜராகிறேன் ஐயா. அந்த அம்மா சொன்னது சரி. ஆரம்பிக்கலாமா?"

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. எதை வைத்துச் சிரிப்பது? அவரே சரி என்று சொல்லிவிட்டாரே.

மூத்தார் கூண்டில் ஏறினார். சுகந்தி எழுதி வைத்திருந்த கேள்விகளைக் கேட்க ஆரம்பித்தார். கையிலிருந்து ஒரு காகிதம் கீழே விழுந்தது. தேவகியின் தம்பி உச்சுக் கொட்டினான். சுகந்தி விழுந்த காகிதத்தை எடுக்கவில்லை. கையில் இருந்ததையும் மேசையில் வைத்துவிட்டு மூத்தாரை நேராகப் பார்த்தார்.

"உங்க தம்பி பிள்ளைங்க கைக்குழந்தையா இருந்தப்ப ஏணை எங்க கட்டியிருந்தாங்க?"

"இதற்கும் வழக்குக்கும் என்ன சம்பந்தம் ஐயா?" என்று அவர் வக்கீல் எழுந்தார்.

"ஏணைதானே, சொல்லட்டும்" என்றார் ஐயா.

"வீட்லதான் கட்டியிருந்தாங்க" என்றார் மூத்தார்.

"வீட்டுல எங்க? அடுப்பங்கரையிலயா?"

"அடுப்பங்கரையில ஏது எடம்? தறியாண்டதான்."

"தறியில உட்கார்ந்தது உங்க தம்பி மட்டும்தான்னு சொல்றீங்க. அப்ப குழந்தை அழுதா அவரா ஆட்டுவாரு?"

"அவன் எங்க ஆட்டறது! கையால ஆட்டணும்னே கெடையாது. ஏணைக் கயித்த தறிப் பலகையில முடிஞ்சி வுட்டுட்டா, பலகை ஆட ஆட ஏணையும் தானா ஆடும். அவ அப்படித்தான் கட்டி வுட்டுட்டு நெய்..."

நிறுத்திக்கொண்டார்.

"கட்டி விட்டுட்டு?" என்றார் சுகந்தி.

மூத்தார் தன் வக்கீலைப் பார்த்தார். வக்கீல் கட்டுக்குள் எதையோ தேடினார்.

"ஆரம்பித்ததைச் சொல்லி முடியுங்கள்" என்றார் ஐயா.

"...நெய்வா" என்றார் மூத்தார்.

அவள் தறியில் உட்கார்ந்ததே இல்லை என்றவர் வாயாலேயே வந்தது அப்படியே தட்டச்சில் ஏறியது.

அந்தக் கேள்வி எங்கிருந்து வந்தது என்று பின்னால் தேவகி சொன்னாள். சுகந்தி அவள் வீட்டுக்குப் போய்த் தரையில் உட்கார்ந்து, பிள்ளை எங்கே தூங்கும், நீ எப்போது சாப்பிடுவாய், யார் எப்போது தறியில் இருப்பார்கள் என்று பொழுது சாயும்வரை கேட்டுக்கொண்டிருந்தாராம். பழைய வக்கீல் அவளைத் தன் ஆபீசில் நிற்கவைத்துப் பத்திரம் இருக்கிறதா என்று மட்டும் கேட்டாராம். பெண்ணாகப் பிறந்தால் எல்லாம் தெரிந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. குறிப்பு எடு, குறிப்பு எடு என்று வருஷக்கணக்கில் ஓரத்தில் உட்காரவைத்தார்களே, அங்கே உட்கார்ந்து அவர் கேட்கக் கற்றுக்கொண்டிருந்தார்.

வீடு தேவகிக்கே நின்றது. தீர்ப்பு வர இன்னும் நாளானது. ஆனால் அன்று மதியமே எங்கள் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. வராண்டாவில் தேவகி தம்பியைச் சீண்டினாள்.

"இன்னாடா, கட்ட வாங்கிக்கினு போலாமா?"

"சும்மா இருக்கா நீ." அவன் சுகந்தியிடம் போய்த் தலையைச் சொறிந்தான். "மேடம், எதிர்க் கடையில ஜூஸ் வாங்கியாரட்டுமா?"

"வேணாம்பா. குடிச்சா மறுபடியும் சாமியத் தாண்டிப் போகணும்" என்றார் சுகந்தி.

தேவகி சிரித்தாள் பாருங்கள், சிரிப்பிலேயே அழுதுவிட்டாள்.

நான் தூணுக்குப் பின்னால் நின்றிருந்தேன். சுகந்தி நேராக அங்கே வந்தார். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நினைத்தேன், வழக்கம்போல வாய் வரவில்லை.

"ஊருக்கே சொல்லிட்டீங்களேம்மா" என்றார்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"சாமிக்கும் கேட்டிருக்கும். திரும்பிப் பார்த்த மாதிரிதான் இருந்துது" என்று என் தோளைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. காலையிலிருந்து மார்பில் ஏறி உட்கார்ந்திருந்த பாரம் அப்போதுதான் இறங்கியது.

சாப்பாட்டு இடைவேளையில் ஐயா தானே பின்பக்கம் போய் நின்றார். நாசர் சாவியைத் தேடிக்கொண்டு ஓடினார். சைக்கிள்களும் நூல் மூட்டைகளும் மோட்டாரும் முற்றத்துக்கு வந்தன. அந்த வாரமே தச்சர் வந்து வெளிப்பூட்டைக் கழற்றிவிட்டு உட்பக்கம் ஒரு தாழ்ப்பாள் வைத்தார். பெண் வக்கீல்கள், தட்டச்சுப் பெண்கள், வழக்குக்கு வந்த பெண்கள் எல்லோரும், பிறந்த குழந்தையைப் பார்க்க வருவதுபோல் ஒவ்வொருவராக வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். எவ்வளவு சின்ன விஷயம்! இதற்கா இத்தனை வருஷம் வாயைக் கட்டிக்கொண்டு இருந்தோம் என்று எல்லோருக்கும் ஆச்சரியம்.

இதை எழுதியதற்குக் காரணம் உண்டு. பெயர் கூப்பிட்டுவிட்டு 'இல்லீங்கய்யா' என்று சொல்வதற்கு முன்னால், ஏன் இல்லை என்று ஒரு தடவை யோசித்துவிடுங்கள். யாரும் உங்களைக் கேட்கமாட்டார்கள், நீங்கள்தான் யோசிக்க வேண்டும். அதிலும் வராதவர் பெண்ணாக இருந்தால், அவர் வரமுடியாத காரணம் அந்த ஹாலில் யாரும் வாய்விட்டுச் சொல்லக் கூசுகிற காரணமாக இருக்கும். கூச்சத்துக்காக நாம் பூசி மெழுகிச் சொன்னால், அவர் பொறுப்பில்லாதவர் என்று ஆகிவிடும். உள்ளதைச் சொன்னால் நாம் ஒரு நாள் கேலிக்கு ஆளாவோம், அவ்வளவுதான். ஒரு நாள் கேலியில் யாரும் செத்துப்போவதில்லை. நான் சாகவில்லையே.

தொண்டை அடைக்கிறது என்று அழுத பெண்ணே, உனக்கு ஒன்று சொல்கிறேன். கூச்சம் போகட்டும் என்று காத்திருக்காதே. எனக்கு இன்னும் போகவில்லை. அதைக் கையில் பிடித்துக்கொண்டே கூப்பிடு.

மறுநாள் காலை நான் வழக்கம்போல் வாசலில் நின்றேன். உள்ளே போன ஒவ்வொருவரும் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார்கள். மூத்தாரின் வக்கீல் நின்றே விட்டார்.

"இன்னா ஆயா, இன்னிக்கு யார் யாரு எங்க போயிருக்காங்கன்னு சொல்லமாட்டியா?"

சுற்றிலும் ஐந்தாறு பேர் பதிலுக்குக் காத்திருந்தார்கள். பதில் இராது என்று அவர்களுக்குத் தெரியும். எனக்கும் அப்படித்தான் தெரியும். ஆனால் வாயிலிருந்து வந்துவிட்டது, அதுவும் பெரிய குரலில்.

"நீங்க எங்க போறீங்கன்னு நான் சொல்லணுமா சார்? காம்பவுண்டு சுவரே சொல்லுதே!"

வராண்டா அதிர்ந்தது. பெஞ்ச் கிளார்க் கட்டுகளைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார். அந்த வக்கீலும் சிரித்துக்கொண்டே உள்ளே போய்விட்டார். ஐயா வந்து உட்கார்ந்தார். நான் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, முதல் வழக்கைக் கூப்பிட்டேன்.